சாவியைக் கழற்றிய பிறகும் பாட்டு வேண்டும் என்று கேட்டேன்

தலவாக்கலையில் டொல்பின் வேன் ஒன்று வைத்து ஹயர் ஓடுகிறேன். கிழமை நாட்களில் ஸ்கூல் ஹயர், சனி ஞாயிறில் கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று எது வந்தாலும் போவேன். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்குக் கையில் நாலு காசு பார்க்கிற காலம் அதுதான். போன சீசனில் பார்த்த காசெல்லாம் எனக்கு ஒரு வயரில் போனது. மொத்தம் 83,000 ரூபா. ஒரு குடும்பத்திடம் தலை குனிந்து நிற்கவும் வேண்டியிருந்தது. வாகனத்தில் எம்ப்ளிஃபயர் (பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிற பெட்டி, எம்ப் என்போம்) பூட்டியிருக்கிற, பூட்ட நினைக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

மலைக்குப் போகிற ஹயர் எப்படியென்றால், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக ராத்திரி பத்து மணியளவில் நல்லதண்ணிக்குப் போய்ச் சேருவோம். சூரிய உதயம் பார்க்க அவர்கள் ராத்திரியே ஏறத் தொடங்குவார்கள். இறங்கி வரக் காலை ஒன்பது மணி, வயசாளிகள் இருந்தால் இன்னும் பிந்தும். அதுவரைக்கும் டிரைவர் வேனுக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடக்க வேண்டும். ஜனவரி மாதத்துக் குளிர் எலும்புக்குள் இறங்கும். அந்த நேரத்தில் ஒரு பாட்டாவது ஓடினால்தான் ஆறுதல். ஆனால் சாவியைக் கழற்றினால் பாட்டுச் செட் நின்றுவிடும். சாவியை ‘ஓன்’ பக்கம் வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பதும் சரியில்லை. பழைய டீசல் வண்டியில் டீசல் பம்பின் சொலினாய்டு (கரண்டில் திறக்கிற வால்வு), மீட்டர் லைட் என்று வேறு சாமான்களும் சேர்ந்து கரண்ட் குடிக்கும்.

அதனால் நவம்பரில் புதிதாக அண்ட்ரொயிட் செட்டும் நாலு சனல் எம்ப்பும் பூட்டியபோது, வயரிங் செய்தவரிடம் "சாவி இல்லாமலும் பாட வேணும்" என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் செய்து தந்தார். கூலி 3,500 ரூபா. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தேன், பாட்டு ஓடியது. சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். எப்படிச் செய்தீர்கள், இது எப்போது நிற்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. தினமும் வண்டி ஓடுவதால் ராத்திரி இறங்கிய சார்ஜ் பகலில் கொஞ்சம் ஏறிவிடும். ஆனால் விடிய ஐந்தரைக்கு ஸ்டார்ட் பண்ணும்போது செல்ஃப் மோட்டர் முன்பு போலச் சுற்றாமல் இழுத்து இழுத்துச் சுற்றியது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். குளிரில் பெட்டரியின் பலம் குறையும், எஞ்சின் ஒயிலும் தடிக்கும், அது உண்மைதான். அந்த உண்மையே என் கண்ணை மறைத்துவிட்டது. காலையில் வண்டி சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தால் குளிர் மீது பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். போன வருஷக் குளிரிலும் இப்படித்தான் சுற்றியதா என்று யோசித்துப் பாருங்கள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் மலைக்குப் போகக் கேட்டார்கள். பன்னிரண்டு பேர். மூத்த பையன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கட்டாருக்குப் பறக்கிறான். போவதற்கு முன் குடும்பத்தோடு பாதத்தை வணங்க வேண்டும் என்பது அவனுடைய அம்மாயியின் நேர்த்தி. ஞாயிறு பகல் ஒன்றரைக்குக் கட்டுநாயக்கவுக்குப் புறப்பட வேண்டும், அதற்கு வேறு வாகனம் பேசியிருந்தார்கள். பதினொரு மணிக்குள் வீட்டில் விட்டுவிடுவேன் என்று நான்தான் சொன்னேன்.

நல்லதண்ணியில் வேனை நிறுத்தி, அவர்களை மலையேற அனுப்பிவிட்டு, நான் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மணி வரைக்கும் விழித்திருந்தேன். பிறகு செட்டின் திரையை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். திரை இருட்டானால் எல்லாம் நின்றுவிட்டது என்றுதான் நம்பினேன். ஒன்பதரைக்கு இறங்கி வந்தார்கள். அம்மாயியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள், முழங்கால் இரண்டும் நடுங்கியது. எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கிச் சாவியைத் திருப்பினேன். டக் டக் டக் என்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். இரண்டாம் தரம் டக் என்று ஒரே சத்தம். மூன்றாம் தரம் அதுவும் இல்லை.

தள்ளிப் பார்த்தோம். ஐயாயிரத்துக்கு மேல் படி ஏறி இறங்கிய கால்களோடு அந்தப் பிள்ளைகள் தள்ளினார்கள். அதைப் பார்க்கவே எனக்கு உடம்பு கூசியது. வண்டி உருண்டதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. டீசல் பம்பில் இருக்கும் சொலினாய்டு கரண்ட் வந்தால்தான் திறந்து டீசலை விடும். பெட்டரி பாதி இறங்கியிருந்தால் தள்ளி ஸ்டார்ட் எடுக்கலாம். அடியோடு இறங்கிவிட்டால் பள்ளத்தில் உருட்டினாலும் வராது, ஆட்களின் தெம்புதான் வீணாகும்.

ஒரு த்ரீவீல்காரத் தம்பி வீட்டு வயரிங்குக்குப் போடுகிற வயரை எடுத்து வந்து அவனுடைய பெட்டரியிலிருந்து கொடுத்தான். சாவியைத் திருப்பியதும் அந்த வயரின் சிவப்புத் தோல் கையில் ஒட்டும் அளவுக்கு இளகியது, உடனே இழுத்து எறிந்தோம். ஸ்டார்ட்டருக்கு நூறு அம்பியருக்கு மேல் வேண்டும், மெல்லிய வயர் அதைத் தாங்காது. பக்கத்தில் நின்ற லொறிக்காரர் தன்னுடைய பெட்டரியிலிருந்து எடுக்கச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த லொறி 24 வோல்ட். 12 வோல்ட் வண்டிக்கு அதைக் கொடுத்திருந்தால் செட், எம்ப், பல்ப் எல்லாம் போயிருக்கும், பெட்டரியே வெடிக்கவும் கூடும். அது மட்டும் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் கேகாலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்கள டிரைவர் அண்ணன் தன் வேனைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பெருவிரல் தடிப்பில் ஜம்பர் கேபிள் எடுத்தார். அவர் கொடுத்த முறையை அப்படியே மனசில் பதித்துக்கொண்டேன். சிவப்பு முதலில் என் பெட்டரியின் பிளஸில், பிறகு அவருடைய பிளஸில். கறுப்பு அவருடைய மைனஸில், மற்ற நுனி என் எஞ்சினின் இரும்பில். என் பெட்டரி மைனஸில் போட விடவில்லை. பெட்டரியிலிருந்து கேஸ் வரும், கடைசி நுனியைத் தொடுக்கும்போது பொறி பறக்கும், அது பெட்டரிக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது என்றார். உடனே ஸ்டார்ட் பண்ணவும் விடாமல், தன் எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார். அதன் பிறகு பிடித்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. "மல்லி, ராத்திரி செட் போட்டதா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. ஓம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கேபிளைச் சுருட்டினார்.

அங்கிருந்து கிளம்பும்போது பதினொன்றே முக்கால். மவுசாக்கலைத் தண்ணீரோரமாக வரும்போது வேனுக்குள் ஒருவரும் கதைக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்றே முக்கால். கட்டுநாயக்கவுக்குப் போகிற வாகனம் வாசலில் நின்றது. பையன் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. சட்டையை மாத்திக்கொண்டு, அம்மாயியின் காலைத் தொட்டுவிட்டு ஏறினான். அம்மாயி அவனுக்காகச் சொல்லி வைத்திருந்த கோழிக் கறி அடுப்பில் இருந்தது. "ஒரு வாய் ஊட்டி விடலாம்னு இருந்தேன் தம்பி" என்று மட்டும் என்னிடம் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பேசிய காசில் 6,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்து என்ன, அந்த ஒரு வாய்ச் சோற்றை என்னால் கொடுக்க ஏலாது. பையன் விமானத்தைப் பிடித்துவிட்டான் என்று ராத்திரி தகவல் வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அவசரத்தில் செய்தது. பெட்டரி மூன்று வருஷத்துப் பழையது, அதுதான் போய்விட்டது என்று புதிதாக 75 அம்பியர்-அவர் (அம்பியர்-மணி) கொள்ளளவுள்ள பெட்டரி வாங்கினேன், 52,000 ரூபா. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு சனி ஞாயிறு அடை மழை, ஹயர் ஒன்றும் இல்லை, வண்டி எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) கீழே நின்றது. திங்கள் காலை புதுப் பெட்டரியும் செத்துக் கிடந்தது. இருபது பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்கு ஒவ்வொருவராகப் போன் பண்ணி, வேறு வேன் பிடித்து அனுப்பினேன். அடுத்த நாளும் அதே கதை. இரண்டு நாளுக்கும் 5,000 ரூபா. கராஜில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணவில்லை போல என்றார்கள், கழற்றிப் பிரஷ், பெயரிங், ரெகுலேட்டர் மாத்த 16,500 ரூபா. அதையும் கொடுத்தேன். ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பெட்டரி முனையில் 14 வோல்ட் அளவில் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். அதை அளக்க ஒரு மீட்டர் போதும், கழற்றவே தேவையில்லை. யாராவது ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும் என்றால் முதலில் இந்த அளவைக் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

கையில் காசு இல்லாமல் போன பிறகுதான் புத்தி வந்தது. வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிற என் மச்சானிடம் மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். சாவியைக் கழற்றி, கதவெல்லாம் சாத்தி, பெட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பெட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை 10 அம்பியர் அளவில் வைத்துத் தொடுத்தேன். மீட்டர் இப்படி இருக்கும்போது தவறியும் சாவியைத் திருப்பக் கூடாது, ஹெட்லைட்டும் போடக் கூடாது, மீட்டர் போய்விடும். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன். நல்ல வண்டியில் இது 50 மில்லி அம்பியருக்குள், அதாவது 0.05-க்குள் நிற்க வேண்டும். எனக்கு 1.86 அம்பியர் காட்டியது. பாட்டு இல்லை, திரை இருட்டு, சாவி என் சட்டைப் பையில்.

எம்ப்பின் பியூஸைப் பிடுங்கினேன், 0.62-க்கு இறங்கியது. செட்டின் பியூஸைப் பிடுங்கினேன், 0.03. பத்தே நிமிஷ வேலை. பேப்பரில் கணக்குப் போட்டேன். 1.86-ஐ 24 மணியால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 44 அம்பியர்-அவருக்கு மேல். 75-இல் பாதிக்கு மேல் ஒரே நாளில், ஒரு பாட்டுக்கூட பாடாமல். ஈய அமிலப் பெட்டரியை இப்படி அடிக்கடி அடிமட்டத்துக்கு இறக்கினால் தகட்டில் சல்பேட் படிந்து அதன் கொள்ளளவே குறைந்துவிடும். பழைய பெட்டரியை நானே கொன்றிருக்கிறேன். புதியதையும் கொஞ்சம் காயப்படுத்திவிட்டேன்.

டாஷ்போர்டைக் கழற்றிச் செட்டை வெளியே இழுத்தபோது எல்லாம் தெரிந்தது. செட்டுக்கு வருகிற மஞ்சள் வயர் எப்போதும் பெட்டரியோடு இருக்க வேண்டியது. சிவப்பு வயர் சாவியோடு இருக்க வேண்டியது, வண்டி ஓடுகிறதா இல்லையா என்று செட்டுக்குச் சொல்வது அதுதான். இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கி டேப் சுற்றியிருந்தது. அதனால் வண்டி எப்போதும் ஓடுகிறது என்று நினைத்து அந்தச் செட் தூங்கவே இல்லை. எம்ப்பில் மூன்று முனை உண்டு. ஒன்று பெட்டரியிலிருந்து நேரே வரும் தடித்த பிளஸ், ஒன்று வண்டியின் பொடிக்கு, அதாவது தகரத்துக்கு, போகும் கிரவுண்ட், ஒன்று ரிமோட். ரிமோட்டில் 12 வோல்ட் வந்தால் எம்ப் விழிக்கும், போனால் தூங்கும். என் எம்ப்பில் தடித்த பிளஸிலிருந்து ரிமோட்டுக்கு விரல் நீள வயர்த் துண்டு ஒன்று போட்டிருந்தது. இனி அது எப்போது தூங்கும்? செட்டின் பின்பக்கம், வயர்க் கட்டுக்கு அடியில், வெள்ளைக் கோடு போட்ட நீல வயர் ஒன்று மடித்து டேப் சுற்றிக் கிடந்தது. டேப்பை உரித்தேன். கம்பெனியில் வெட்டிய நுனி அப்படியே பளபளவென்று இருந்தது, யாரும் தொட்டதே இல்லை. எம்ப்பை எழுப்பவும் தூங்க வைக்கவும் செட் கொடுக்கிற வயர் அதுதான்.

இன்னொன்றும் கண்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. பெட்டரியிலிருந்து எம்ப்புக்குப் போகும் தடித்த வயர் தகரத்தில் போட்ட ஓட்டை வழியாகப் போகிறது, ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. வண்டி எங்கள் பாதைகளில் ஆடி ஆடித் தகர விளிம்பு வயரின் தோலைச் சீவியிருந்தது. ஒரு அரிசி அளவுக்குச் செம்பு வெளியே தெரிந்தது. பியூஸ் இருந்தது, ஆனால் எம்ப்புக்குப் பக்கத்தில். அந்தச் செம்பு தகரத்தில் பட்டிருந்தால் பெட்டரியின் முழுப் பலமும் அந்த வயரில் ஓடியிருக்கும், பியூஸுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பிள்ளைகள் உட்கார்ந்து போகிற சீட்டுக்கு அடியில்தான் அந்த வயர். பியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, அது பெட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். இதை மட்டுமாவது இன்றைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள்.

சாவி இல்லாமல் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டது பிழை என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறவனுக்கு அது வேண்டியதுதான். நான் மறந்தாலும் தானாக நிற்கிற மாதிரி அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எம்ப்பின் தடித்த வயரில் கை வைக்கவே தேவையில்லை, அதில் எப்போதும் கரண்ட் இருக்கிறது. செட்டின் சிவப்பு வயரை மட்டும் ஒழுங்கு பண்ணினால் போதும். செட் விழித்தால் நீல வயர் எம்ப்பை எழுப்பும், செட் தூங்கினால் எம்ப்பும் தூங்கும்.

மச்சானும் நானும் செய்தது இதுதான். ஐந்து கால் ரிலே (கரண்ட் வந்தால் தானாக மாறுகிற சுவிட்ச்) ஒன்று வாங்கினோம், காலில் நம்பர் அடித்திருக்கும். 30-ஆம் காலைச் செட்டின் சிவப்புக்குக் கொடுத்தோம். 87-ஆம் காலில் சாவியிலிருந்து வருகிற வயர். ரிலேயை இழுக்கும் சுருளின் 86-க்கும் அதே சாவி வயர், 85 பொடிக்கு. 87ஏ என்ற காலில் டைமரிலிருந்து வருகிற வயர். சாவி போட்டால் சிவப்புக்குச் சாவியிலிருந்து கரண்ட், கழற்றினால் டைமரிலிருந்து. மாறும்போது ஒரு கணம் பாட்டு விட்டுப் பிடிக்கும், பரவாயில்லை. ரிலே இல்லாமல் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினால் டைமரிலிருந்து வருகிற கரண்ட் சாவி வழியாகப் பின்னால் போய் வண்டியின் மற்றச் சாமான்களையும் எழுப்பிவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. டைமர், பட்டனை அமத்தினால் 45 நிமிஷம் ஓடி வெட்டிவிடும். அதற்கும் முன்னால், பெட்டரிப் பக்கம், வோல்ட் குறைந்தால் வெட்டுகிற சின்ன மொடியூல் ஒன்றும் ஐந்து அம்பியர் பியூஸும். அந்த மொடியூலை 12.2 வோல்ட்டில் வைத்திருக்கிறேன். ஓய்வில் இருக்கும் பெட்டரி நிறைந்திருந்தால் 12.6, 12.7 காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் மிச்சம். இன்வெர்ட்டர்கள் பொதுவாகப் பத்தரை வோல்ட் வரைக்கும் விடும், அந்தக் கணக்கில் வைத்தால் ஸ்டார்ட்டருக்கு ஒன்றும் மிஞ்சாது. தடித்த வயரையும் மாத்தி, ரப்பர் வளையம் போட்டு, பியூஸைப் பெட்டரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். வயரைச் சேர்க்காமல், இந்தக் கட்டுப்பாட்டுச் சாமான்களுக்கு எல்லாம் சேர்த்து 7,000 ரூபாவுக்குக் கிட்ட.

கல்யாண வீட்டில் மூன்று நாலு மணி நேரம் சத்தமாகப் போட வேண்டும் என்கிறவர்களுக்கு இது போதாது. அவர்கள் பாட்டுக்கென்று தனிப் பெட்டரி வைத்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்க்கிற ஐசொலேட்டர் போட வேண்டும். ஸ்டார்ட் பண்ணுகிற பெட்டரியைப் பாட்டுக்காரன் தொடக் கூடாது. எனக்கு அந்தளவு வசதியும் இல்லை, தேவையும் இல்லை.

வேலை முடிந்ததும் மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்தேன், 0.04. இரண்டு நாள் சும்மா நிறுத்தி வைத்து மூன்றாம் நாள் காலை திருப்பினேன், உடனே பிடித்தது. மார்ச் மாதத்தில் மறுபடி நல்லதண்ணி ஹயர் ஒன்று வந்தது. ஆட்கள் ஏறிய பிறகு பட்டனை அமத்திவிட்டுப் படுத்தேன். பாட்டு நடுவில் இருக்கும்போதே டாஷ்போர்டுக்குள் ‘டிக்’ என்று ரிலே விழுந்தது. பிறகு ஆற்றுச் சத்தமும், தூரத்தில் படியேறுகிறவர்கள் போடுகிற அரோகராச் சத்தமும்தான். இன்னொரு தரம் பட்டனை அமத்தவில்லை. காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் பெட்டரியில் மீட்டரை வைத்தேன். 12.5. சாவியைத் திருப்பினேன், பாதிச் சுற்றில் பிடித்தது.